தீராத வயிற்று வலி

“தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தார்.”

பத்திரிகை படிப்பவர்களுக்கு இந்த வரி புதிது அல்ல. உள்பக்கத்தின் மூலையில், நாலு வரிச் செய்தியில் வரும். ஒரு வாலிபர் உயிரை மாய்த்துக் கொண்டார். காரணம் என்ன? வயிற்று வலி. போலீசார் விசாரிக்கிறார்கள். செய்தி முடிந்தது.

படிக்கிறவர்கள் “பாவம்” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். எழுதுகிற எங்களுக்கும் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுவது இல்லை.

அது என்ன வயிற்று வலி?

வயிற்று வலி என்று ஒரு நோய் கிடையாது. அது ஓர் அடையாளம். கூரைக்கு மேலே புகை தெரிந்தால், எந்த வீட்டில் தீப்பிடித்தது என்று ஓடிப்போய்ப் பார்க்கிறோம். புகையை மட்டும் விசிறிக் கலைத்துக் கொண்டு இருப்போமா? வயிற்று வலி விஷயத்தில் பல குடும்பங்கள் செய்வது அதைத்தான்.

இரைப்பையில் புண் இருக்கலாம். பித்தப்பையில் கல் இருக்கலாம். சிறுநீரகத்தில் கல் இருக்கலாம். குடல்வால் வீங்கி இருக்கலாம். இவற்றைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அதிகம் பேருக்குத் தெரியாமல், வயிற்றின் பின்கட்டில் ஒளிந்திருக்கும் ஓர் உறுப்பு உண்டு. அதன் பெயர் கணையம்.

கணையம் புண்பட்டு, வீங்கி, எரிந்து, ஆறி, மறுபடியும் புண்படுகிறது. இப்படியே வருடக் கணக்கில் போகிறது. இதைத்தான் “நாள்பட்ட கணைய அழற்சி” என்கிறார்கள்.

செய்தியில் வருகிற அத்தனை பேருக்கும் இதுதான் நோய் என்று சொல்ல முடியாது. ஆனால், விட்டு விட்டு வந்து, ஆண்டுக் கணக்கில் தீராமல், ஆளையே முறுக்கிப் போடுகிற வலிகளில் இது முக்கியமானது. பெயர் தெரியாமலே பல ஆண்டுகள் உடம்பில் குடியிருக்கக் கூடியதும் இதுதான்.

வயிற்றை முறுக்கும் வலி நமக்குப் புதிது அல்ல. “சூலை” என்று முன்னோர் சொன்னார்கள். திருநாவுக்கரசர் சூலை நோயால் துடித்துத் திருவதிகைக்குப் போன கதை பெரிய புராணத்தில் இருக்கிறது. அது எந்த உறுப்பில் வந்த சூலை என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஸ்கேன் இல்லை. இப்போது இருக்கிறது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு...

இந்த நோய் வந்தவர்கள் சொல்லும் கதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவற்றை எல்லாம் சேர்த்து, ஒரு பையனைக் கற்பனை செய்து கொள்வோம்.

பையனுக்கு 12 வயது. கோவில் கொடையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறான். இரவு மேல்வயிற்றில் வலி. கத்தியால் குத்தி முதுகு வழியே எடுத்தது போல் இருக்கிறது. வாந்தியும் வருகிறது.

“வாயுடா, கண்ணு. ஓமத் தண்ணி குடி, போயிரும்” என்கிறாள் ஆச்சி.

மூன்று நாள் கழித்து வலி போய்விடுகிறது. ஆச்சிக்கு வெற்றி!

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வருகிறது. அரைப் பரீட்சை நேரம். “பரீட்சை வந்தால் இவனுக்கு வயிற்று வலியும் வந்துவிடும்” என்கிறார் அப்பா. வாத்தியாரும் அதையே சொல்கிறார். பையன் அழுவதை விட்டுவிடுகிறான். வலி வந்தால் மூலையில் போய் உட்கார்ந்து, முழங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து கொள்கிறான். அப்படி இருந்தால் கொஞ்சம் தேவலை.

மருந்துக் கடையில் “அல்சர் மாத்திரை” வாங்கிக் கொடுக்கிறார்கள். பிறகு டவுனுக்குக் கூட்டிப் போகிறார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். “லேசாகப் புண் இருக்கிறது” என்று ஒரு சீட்டு கிடைக்கிறது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டே ஐந்து வருடம் ஓடுகிறது. சாப்பிட்டால் வலி வரும் என்று பயந்து, பையன் சாப்பாட்டையே குறைத்துக் கொள்கிறான். சட்டை தொளதொளக்கிறது.

18 வயதில் தாகம் எடுக்கிறது. இரவில் நாலு தடவை எழுந்து போகிறான். ரத்தத்தைப் பார்த்தால் சர்க்கரை 400! “இந்த வயதில் சர்க்கரையா?” என்று வீடே திகைக்கிறது.

ஆறு ஆண்டுகளாக வந்த வலியையும், இன்று வந்த சர்க்கரையையும் யாரும் சேர்த்துப் பார்ப்பது இல்லை. இரண்டும் ஒரே உறுப்பின் வேலை என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?

தோலைப் பதமாக்கும் சாறு

கணையம் எங்கே இருக்கிறது? இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கிறது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். எடை 100 கிராமுக்கு உள்ளேதான். முதுகுப் பக்கமாக இருப்பதால்தான் வலி முதுகுக்குப் பாய்கிறது. குனிந்து உட்கார்ந்தால் அழுத்தம் குறைந்து சற்று இதமாக இருக்கிறது. பையன் மூலையில் உட்கார்ந்த விதமே டாக்டருக்கு ஒரு பெரிய துப்பு.

கணையத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, இன்சுலினை ரத்தத்தில் விடுவது. மற்றொன்று, சாப்பாட்டைச் செரிக்கும் சாற்றைக் குடலுக்கு அனுப்புவது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சாறு சுரக்கிறது. இந்தச் சாறு போகும் குழாயை 1642-ல் இத்தாலியில் பாதுவா நகரில் விர்சுங் என்ற மருத்துவ அறிஞர் கண்டுபிடித்தார். அது எதற்காக இருக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை. படம் வரைந்து மற்ற அறிஞர்களுக்கு அனுப்பிக் கேட்டார். அடுத்த ஆண்டே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குழாய்க்கு மட்டும் இன்றும் அவர் பெயர்தான்.

சாறு எவ்வளவு வீரியமானது?

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களைக் கேட்டால் தெரியும். தோலை மிருதுவாக்க, அந்தக் காலத்தில் நாய், புறா இவற்றின் எச்சத்தில் ஊறப்போடுவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர், மிருகங்களின் கணையத்தில் இருந்து எடுத்த சத்தை அதற்குப் பதிலாகப் பயன்படுத்திக் காட்டினார். தோலையே இளக்குகிற சரக்கு அது!

அப்படிப்பட்ட சாறு கணையத்தையே ஏன் தின்றுவிடுவது இல்லை? அங்கேதான் இயற்கையின் சாமர்த்தியம். கணையத்தில் இருக்கும்வரை சாறு தூங்குகிறது. குடலுக்குள் போன பிறகுதான் விழிக்கிறது.

ஏதோ ஒரு காரணத்தால் அது உள்ளேயே விழித்துக்கொண்டால்? பெற்ற வீட்டையே எரிக்கிறது. அதுதான் அழற்சி. அது ஒரு முறை வந்து, ஆறி, கணையம் பழைய நிலைக்குத் திரும்பினால் பிழைத்தோம். திரும்பத் திரும்ப வந்தால், சூடுபட்ட தோல் போலக் கணையம் தழும்பாகிச் சுருங்குகிறது. தழும்பு சாறு சுரக்காது. இன்சுலினும் தராது.

போதாததற்குக் கல் வேறு. உப்புத் தண்ணீர் ஓடும் குழாய்க்குள் வெள்ளையாகக் கல் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கணையக் குழாயிலும் அப்படித்தான், சுண்ணாம்புச் சத்துப் படிந்து கல்லாகிறது. கல் வழியை அடைக்கும். பின்னால் சாறு தேங்கும். குழாய் புடைக்கும். வலி உயிரை வாங்கும்.

“தம்பி குடிக்கிறானா?”

நோய்க்குப் பெயர் தெரிந்ததும் பக்கத்து வீட்டில் இருந்து ஒரு கேள்வி வரும்.

“அக்கா, கேட்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. தம்பி குடிக்கிறானா?”

இந்தக் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. உலகம் முழுவதும் இந்த நோய்க்குப் பெரிய காரணம் மதுதான். பல ஆண்டுகள் விடாமல் அதிகமாகக் குடிக்கிறவர்களின் கணையம் கெடுகிறது. குடிக்கிற எல்லோருக்கும் வருவது இல்லை. யாருக்கு வரும், யாரை விடும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. பீடி, சிகரெட்டும் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். குடியும் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மீதிப் பாதி அநியாயம். நம் பக்கத்தில் ஒரு சொட்டு மது தொடாத சிறுவர், சிறுமியருக்கும் இந்த நோய் வருகிறது.

1959-ல் இந்தோனேசியாவில் ஸுயிடெமா என்ற டச்சு மருத்துவர், சத்துக் குறைவான ஏழைகளின் கணையத்தில் கல்லும், கூடவே சர்க்கரை வியாதியும் இருப்பதை எழுதினார். 1960-களில் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இப்படிப்பட்ட நோயாளிகளை ஏராளமாகப் பார்த்தார். சிறு வயதில் வலி, பருவ வயதில் சர்க்கரை, வாலிப வயதில் சாவு என்று இதன் போக்கை அவர் வர்ணித்தார். வெப்ப நாடுகளில் காணப்படும் இந்த வகைக்கு “வெப்ப மண்டலக் கணைய நோய்” என்றே பெயர் வந்தது. கேரளத்தில் மட்டும் அல்ல. தமிழ்நாட்டிலும் இது உண்டு.

காரணம் என்ன? முதலில் மரவள்ளிக் கிழங்கின்மீது பழி விழுந்தது. கேரள ஏழைகளின் உணவு அதுதான். அதில் ஒருவித நச்சும் உண்டு. சந்தேகம் வந்தது இயற்கையே. ஆனால், மரவள்ளியைத் தொடாத ஊர்களிலும் நோய் இருக்கிறது. மரவள்ளியே உணவாக இருக்கும் பல இடங்களில் நோய் இல்லை. ஆகவே கிழங்கு ஏறக்குறைய விடுதலை ஆகிவிட்டது.

இப்போது பார்வை பரம்பரையின் பக்கம் திரும்பி இருக்கிறது. சாறு உள்ளேயே விழித்தால் அதை அமுக்கி வைக்க ஒரு காவல்காரன் கணையத்தில் உண்டு. அந்தக் காவல்காரனை உண்டாக்கும் மரபணுவில் ஒரு சிறு பிழை, இந்திய நோயாளிகள் பலரிடம் காணப்படுகிறது. பிழை இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவது இல்லை. ஆனாலும், நோய் வந்தவர் செய்த தப்பு என்ன? ஒன்றும் இல்லை!

பக்கத்து வீட்டு அக்கா இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இவை தவிர, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுவது, ஒருவகைக் கொழுப்பு அளவுக்கு மீறி ஏறுவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவது என்று வேறு காரணங்களும் உண்டு. டாக்டர் ரத்தப் பரிசோதனையில் இவற்றையும் தேடுவார்.

ரத்தப் பரிசோதனை ஏமாற்றும்

இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. படித்தவர்கள்கூட அதில் விழுகிறார்கள்.

கணையம் திடீர் என்று வீங்கினால், ரத்தத்தில் அமிலேஸ், லைபேஸ் என்ற இரண்டும் பல மடங்கு ஏறும். ஆஸ்பத்திரியில் அதைத்தான் பார்ப்பார்கள். நாள்பட்ட நோயில் கணையம் தழும்பாகிக் கிடக்கிறது. ஏறுவதற்குச் சரக்கு ஏது? வலியால் துடிக்கிற நேரத்திலும் அளவு சரியாகவே இருக்கலாம். “கணையம் நன்றாக இருக்கிறது” என்று சீட்டை மடித்து வைத்துவிட்டால், மேலும் சில வருடங்கள் வீண்.

ஆகவே, கணையத்தை நேரில் பார்க்க வேண்டும். எப்படி?

முதலில் வயிற்று ஸ்கேன். செலவு குறைவு. எல்லா ஊரிலும் இருக்கிறது. கல்லும், புடைத்த குழாயும் பல சமயம் இதிலேயே தெரிந்துவிடும். ஆனால் குடலில் காற்று நிறைந்திருந்தால் கணையம் மறைந்துவிடும். “காற்று மறைப்பதால் கணையம் சரியாகத் தெரியவில்லை” என்று சீட்டில் எழுதியிருந்தால், கணையத்தில் கோளாறு இல்லை என்று அர்த்தம் அல்ல. பார்க்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

கல் நிறைய இருந்தால் சாதாரண எக்ஸ்-ரேயிலும் முதுகெலும்பின் இரு பக்கமும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். குழாயின் வளைவு நெளிவைப் பார்க்க எம்.ஆர்.சி.பி. என்ற காந்தப் படம் உண்டு. கல்லும் இல்லாமல், குழாயும் புடைக்காமல், நோய் ஆரம்பத்தில் இருந்தால்? நுனியில் ஸ்கேன் கருவி பொருத்திய குழாயை வாய் வழியாக இரைப்பைக்குள் விட்டு, பக்கத்திலேயே நின்று பார்க்கிறார்கள். எல்லோருக்கும் எல்லாம் தேவை இல்லை. படிப்படியாகப் போனால் போதும்.

வீட்டிலேயே பார்க்கக் கூடிய ஒன்றும் உண்டு. சொல்லக் கூச்சமான விஷயம்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டில் உள்ள கொழுப்பு செரிக்காவிட்டால் மலத்தோடு போகும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கோடு, அதிக நாற்றத்தோடு மிதக்கும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. இது டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி. கணையத்தின் கொழுப்புச் செரிக்கும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகுதான் இந்த அடையாளம் வெளியே தெரியும். மலத்தில் “எலாஸ்டேஸ்” அளவைப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது. ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணையம் சோர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 50 வயதுக்கு மேல் புதிதாக இப்படி வலி வந்து, எடை குறைந்து, கண் மஞ்சளானால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். நாள் கடத்தவே கூடாது.

கல்லைக் கரைக்க முடியுமா?

கணையத்தில் விழுந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. தெரியாததால்தான் வைத்தியர் மாற்றி வைத்தியர் என்று ஊர் ஊராக அலைகிறார்கள்; நகையும் நிலமும் போகின்றன. சிறுநீரகக் கல்லுக்குக் குடித்த வாழைத்தண்டுச் சாற்றை இதற்கும் கொடுக்கிறார்கள். வாழைத்தண்டு நல்ல கறி. கணையக் கல்லை அது கரைக்காது.

தழும்பு மாறாது. ஆனால் வலியைக் குறைக்கலாம். செரிமானத்தைச் சரி செய்யலாம். சர்க்கரையை அடக்கலாம்.

குடியும் புகையும் உள்ளவர்கள் அன்றே விட வேண்டும். “குறைத்துக் கொள்கிறேன்” என்பது இங்கே செல்லாது. தானாக விட முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டியது இல்லை. குடியை மறக்க வைப்பதும் ஒரு சிகிச்சைதான். பல ஆண்டு குடித்தவர் திடீர் என்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். ஆகவே டாக்டர் துணையோடு நிறுத்துவது உத்தமம்.

வலிக்கு முதலில் சாதாரண மாத்திரை. பிறகு, தேவைக்கு ஏற்பச் சற்றுப் பலமானது. நரம்பு வலியைத் தணிக்கும் மருந்துகளும் உண்டு. இவற்றை டாக்டர் கணக்காகத் தருவார். கடையில் தாமாகப் பலமான வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் ஒரு நாள் மாத்திரைக்கே அடிமையாகிவிடுகிறார்கள்.

குழாய் அடைபட்டிருந்தால் அதைத் திறக்க வேண்டும். எப்படி?

வெளியில் இருந்து அதிர்ச்சி அலைகளைச் செலுத்திக் கல்லைப் பொடியாக்குவது ஒரு முறை. ஐதராபாத்தில் உள்ள ஆசிய இரைப்பை-குடல் நோய் மருத்துவமனை இதில் பெயர் பெற்றது. பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பொடியை எடுத்து, தேவையானால் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை வைத்து வழியைத் திறந்து வைப்பார்கள்.

மற்றொன்று ஆபரேஷன். 1987-ல் அமெரிக்க டாக்டர் ஃபிரே ஒரு முறையை வெளியிட்டார். கத்தரிக்காயை நீளவாக்கில் கீறுவது போலக் கணையக் குழாயைத் திறந்து, தலைப் பக்கம் தடித்துப் போன சதையைக் குடைந்து எடுத்துவிட்டு, குடலை மேலே வைத்துத் தைத்துவிடுவார்கள். சாறு நேரே குடலில் வடியும். நம் ஊர் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் குழாய் அகலமாகப் புடைத்துக் கல் நிறைந்திருப்பதால், இதுபோன்ற ஆபரேஷன் நன்றாகவே பொருந்துகிறது.

“கத்தி வைப்பது கடைசி வழி” என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. இந்த நோயில் அது எப்போதும் சரி அல்ல. நெதர்லாந்து நாட்டில் 88 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றொரு பிரிவுக்கு முதலில் மருந்து, பிறகு குழாய் வழிச் சிகிச்சை, கடைசியில்தான் ஆபரேஷன். 2020-ல் வந்த முடிவு என்ன? சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. எல்லோருக்கும் கத்தி வேண்டும் என்பது இதன் அர்த்தம் அல்ல. பலமான மாத்திரைக்கு வந்துவிட்ட ஒருவர், அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் ஒரு தடவை கேட்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இலையில் என்ன போடலாம்?

நோய் என்றதும் அம்மாக்கள் செய்கிற முதல் காரியம், எண்ணெயை நிறுத்துவது. அடுத்து, முட்டையை நிறுத்துவது. அப்புறம் கஞ்சி, கஞ்சி, கஞ்சி! ஏற்கெனவே இளைத்த பிள்ளை இன்னும் இளைக்கிறான்.

முன்பு டாக்டர்களும் கொழுப்பைக் குறைக்கத்தான் சொன்னார்கள். இப்போது கருத்து மாறிவிட்டது. சாதாரண வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். இட்லி, சோறு, பருப்பு, கீரை, மீன், முட்டை, தாளித்த குழம்பு எல்லாம் உண்டு. ஒரேயடியாக வயிறு புடைக்கத் தின்னாமல், ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டால் நல்லது. செரிக்காத கொழுப்புக்குப் பட்டினி மருந்து அல்ல. செரிக்க வைக்கும் மாத்திரைதான் மருந்து.

இந்த மாத்திரையில் கணையச் சாற்றில் உள்ள அதே சத்து இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வழக்கமாக 40,000 முதல் 50,000 யூனிட். பலகாரத்துக்கு அதில் பாதி. சரியான அளவை டாக்டர் சொல்வார்.

எப்போது சாப்பிடுவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் வீண். சாப்பிட்டு எழுந்து கை கழுவிய பிறகு போட்டாலும் அவ்வளவாகப் பயன் இல்லை. சோற்றோடு சேர்ந்தே உள்ளே போக வேண்டும். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். கடிக்கக் கூடாது. “மாத்திரை கேட்கவில்லை” என்று நிறுத்திவிட்டவர்களில் சிலர், வேளை தவறிப் போட்டவர்களே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த மாத்திரை பன்றியின் கணையத்தில் இருந்து எடுக்கப்படுவது. மத வழக்கப்படி பன்றியை விலக்குகிறவர்களும், சைவ உணவுக்காரர்களும் டாக்டரிடமும் தங்கள் பெரியவர்களிடமும் கலந்து முடிவு செய்து கொள்ளலாம். யாருக்கும் சொல்லாமல் மாத்திரையைக் கொல்லையில் வீசிவிடுவதுதான் ஆபத்து.

கொழுப்பு செரிக்காவிட்டால் சில வைட்டமின்களும் உடம்பில் சேராது. எலும்பு மெலியும். மாலையில் கண் மங்கலாம். இவற்றையும் சோதித்துத் தேவையானால் மாத்திரை தருவார்கள்.

இந்தச் சர்க்கரை வேறு

கணையம் கெட்டு வருகிற சர்க்கரை, தாத்தாவுக்கு வந்த சர்க்கரை போன்றது அல்ல. தாத்தாவின் உடம்பில் இன்சுலின் இருக்கும். அது சரியாக வேலை செய்யாது. இங்கே இன்சுலினே குறைந்துவிடுகிறது. ஆகவே பலருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படும்.

அதோடு, சர்க்கரை மிகவும் இறங்கினால் தூக்கி நிறுத்துகிற மற்றொரு சுரப்பும் இதே கணையத்தில்தான் இருக்கிறது. அதுவும் பழுது. அதனால் சர்க்கரை ஏறுவதைவிட, திடீர் என்று இறங்குவது இவர்களுக்கு அதிக ஆபத்து. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்கக் கூடாது. விரதம் இருக்க நினைத்தால் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கூடப் படிப்பவர்களுக்கும், வேலை செய்பவர்களுக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது.

வாலிபத்தில் சாவு?

டாக்டர் கீவர்கீஸ் பார்த்த காலம் வேறு. அன்று சோறு குறைவு, மருந்தும் குறைவு. சென்னையில் டாக்டர் மோகனும் அவருடைய குழுவினரும் இந்த வகை நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1996-ல் கணக்கை வெளியிட்டார்கள். முதல் வலி வந்த பிறகும் நோயாளிகள் பல ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு சிகிச்சை மேலும் வளர்ந்திருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை தேவை. இந்தக் கணையத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

எங்கே போவது? சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனை, மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றில் வயிறு, குடல் நோய்களுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. முதல்-அமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்பே கேட்டுக் கொள்ளலாம். பழைய ஸ்கேன் படம், சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டது, எடை எவ்வளவு என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற தங்கை எழுதிக் கொடுக்கட்டும்.

நிற்காத வாந்தி, காய்ச்சல், மஞ்சள் காமாலை, மாத்திரைக்குக் கட்டுப்படாத வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் நோட்டு எழுதிக் கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மீண்டும் அந்த நாலு வரிச் செய்திக்கு வருவோம். வலி வருடக் கணக்கில் இருந்தால் மனசு உடையும். நடிக்கிறான் என்று சொன்னால் இன்னும் உடையும். “எனக்கு எதற்கு இந்த உயிர்?” என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அதை வெறும் பேச்சு என்று விட்டுவிடக் கூடாது. தனியாக விடாமல் பக்கத்தில் உட்காருங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம். வலிக்குப் பார்க்கிற டாக்டரிடமும் அதைச் சொல்லுங்கள். மன வேதனைக்குச் சிகிச்சை செய்தால் வயிற்று வலியைத் தாங்கும் சக்தியும் கூடுகிறது.

நாம் கற்பனை செய்த பையன் என்ன ஆனான்?

18 வயதில் சர்க்கரைக்காகப் போன இடத்தில், டாக்டர் வேறு ஒன்று கேட்டார்.

“அம்மா, பையனுக்கு வயிற்று வலி வருமா?”

“சின்ன வயசிலேருந்தே வரும், ஐயா.”

“வந்தால் எப்படி உட்காருவான்?”

அம்மா வாயால் சொல்லவில்லை. நாற்காலியிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு, முன்னால் குனிந்து காட்டினாள்.

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.